நாற்பத்தொன்றாம் சீட்டு: பாறசாலையில் நான்கு வாரம்

எலெக்டிவுக்கு இந்தியா போகலாமா, மகப்பேறு பிரிவு எடுக்கலாமா, மொழி சிக்கலாக இருக்குமா என்று மருத்துவ மாணவிகள் இருவர் இந்த வலைப்பூவுக்கு எழுதிக் கேட்டிருந்தார்கள். நான் போய் வந்தது 1995 ஜூனில். வண்டி நேரம், கட்டணம் எல்லாம் இப்போது மாறியிருக்கும். போகிறவர்களுக்கு வேறு வகையில் உதவும் என்பதால் முழுவதையும் எழுதிவிடுகிறேன். இதில் எனக்குப் பெருமை தரும் விஷயம் அதிகமில்லை.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எலெக்டிவ் என்பது மருத்துவப் படிப்பின் நடுவே நான்கு வாரம் நாமே ஓர் ஊரையும் ஒரு துறையையும் தேர்ந்தெடுத்துப் போய் வேலை பழகுவது. எங்கள் கோலாலம்பூர் வகுப்பில் பாதிப் பேர் லண்டனுக்கும் மெல்பர்னுக்கும் எழுதிப் போட்டார்கள். ஈப்போவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்த என் அப்பாவின் சம்பளத்துக்கு அது எட்டாது. இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் கல்லூரி மருத்துவமனையில் ஒரு பிரசவத்தை ஐந்து மாணவர்கள் சுற்றி நின்று எட்டிப் பார்ப்போம். பத்துப் பிரசவமாவது என் கையால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்பாவின் நண்பர் ஒருவர் வழியாக, கேரள எல்லையில் பாறசாலைக்குப் பக்கத்தில் நாற்பது படுக்கை கொண்ட ஒரு மிஷன் மருத்துவமனைக்குக் கடிதம் போட்டேன். ஐந்து வாரம் கழித்து "வரலாம், தங்க இடம் உண்டு, குடை கொண்டு வரவும்" என்று மூன்றே வரியில் பதில் வந்தது. மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. நடந்த தவறு என்னுடையது, அவர்களுடையது அல்ல.

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஏறக்குறைய நாலு மணி நேரம். அன்று மாலையே திருவனந்தபுரம் ரயில். ஸ்லீப்பர் கட்டணம் 192 ரூபாய். மறுநாள் பகல் பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தது, ஒரு மணி நேரத் தாமதம். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே பேருந்து நிலையம். களியக்காவிளை போகிற எந்தப் பேருந்தும் பாறசாலையில் நிற்கும். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஏழு ரூபாய். நெய்யாற்றின்கரை வரை நின்றுகொண்டு போனேன். அங்கே கூட்டம் இறங்கியதும் ஓர் இருக்கை கிடைத்தது. உட்கார்ந்த அடுத்த நிமிஷம் தூங்கிவிட்டேன். நடத்துநர் தட்டி எழுப்பி, "இறங்கணும், இதாக்கும் பாறசால" என்றார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன்.

மருத்துவமனையில் ஒரே ஒரு மகப்பேறு மருத்துவர், டாக்டர் ரேச்சல். ஐம்பது வயது இருக்கும். பேசும்போது கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொள்வார், அவ்வளவு வேலை. அவருக்கு வலக்கை ஓமனா சிஸ்டர். குன்னத்துகால் பக்கத்துக்காரர், இருபது வருடமாகப் பிரசவம் பார்க்கிறவர், ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பார். முதல் நாளே டாக்டர் கேட்டார், "மொழி எப்படி? துணைக்கு யாரையாவது வைக்கவா?"

"நான் தமிழ்தான் டாக்டர். வீட்டிலும் பள்ளியிலும் தமிழ். பிரச்சினை இல்லை" என்றேன்.

ஓமனா சிஸ்டர் என்னைப் பார்த்து, "இங்கத்த தமிழு வேறயாக்கும் மக்கா" என்றார். நான் சிரித்துவிட்டு அதை மறந்துபோனேன்.

முதல் இரண்டு வாரத்தை விவரமாக எழுதத் தேவையில்லை. காலை ஆறரைக்கு வார்டு. எட்டுக்கு இட்லி அல்லது புட்டு. பிறகு பிரசவ அறை, புறநோயாளிகள், மறுபடியும் பிரசவ அறை. குழந்தைகள் நம் தூக்கத்தைக் கேட்டுப் பிறப்பதில்லை. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் பதினான்கு பிரசவம் பார்த்துவிட்டேன். நோட்டில் பத்துப் பிரசவத்துக்கு விட்டிருந்த இடம் நிறைந்து, ஓரத்தில் கோடு போட்டு எழுதினேன். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அதற்குள் கால் வீங்கி, செருப்பு வார் அழுத்திய தடம் போகாமல் நின்றது. மழையில் துணி காயாது. ஈரப் பாவாடையைக் கட்டிக்கொண்டுதான் பாதி நாள் வேலை. யாராவது "களைப்பா இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்பேன். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வீட்டுக்குப் போகிற ஓமனா சிஸ்டர் முன்னால் நான் களைப்பு என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

புதன்கிழமைதோறும் கடலோரத்தில் கர்ப்பிணிப் பெண்களுக்கு ஒரு முகாம் உண்டு. பாறசாலையிலிருந்து உச்சக்கடை வழியாகப் பொழியூர், ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர். தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் பெஞ்சுகளை நகர்த்தி, புடவை கட்டி மறைத்து, இரண்டு மேசை போடுவோம். சுற்றிலும் மீன்பிடிக் குடும்பங்கள். ஜூனில் கடல் மோசம், படகுகள் கரையில் ஏற்றிக் கிடக்கும். ஆண்கள் பலர் கொச்சிப் பக்கம் வேலைக்குப் போயிருப்பார்கள். எனக்கு அது மூன்றாவது புதன்.

அன்று அறுபத்துநாலு பேர் வந்தார்கள். சீட்டில் எண் போட்டு, ஒற்றைப்படை எல்லாம் என் மேசைக்கு, இரட்டைப்படை ஓமனா சிஸ்டர் மேசைக்கு. ஒருவருக்கு எடை, ரத்த அழுத்தம், வயிற்றைத் தடவி குழந்தை கிடக்கும் நிலை, அப்புறம் அலுமினியக் குழலை வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பு. துடிப்பைக் கடிகாரம் பார்த்து ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். நிமிஷத்துக்கு நூற்று இருபதுக்கும் நூற்று அறுபதுக்கும் நடுவில் இருந்தால் நல்லது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். முதல் எட்டுப் பேருக்கு எண்ணினேன். பிறகு கூட்டம் நெருக்கியது. குழலில் டக் டக் என்று கேட்டதும் "140" என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். இதை எழுத இப்போதும் கை தயங்குகிறது. ஆனாலும் அப்படித்தான் செய்தேன்.

பதினொன்றரை மணி இருக்கும், நாற்பத்தொன்றாம் சீட்டோடு செல்வராணி வந்தாள். இருபத்தைந்து வயது, ஒன்பதாம் மாதம். ஒல்லியான உடம்பு, நீல நைட்டி, தோளில் துண்டு. மெதுவாகத்தான் பேசினாள்.

"டாக்டரே, பிள்ளைக்கு அனக்கம் கொறவாக்கும். நேத்து முதல்."

எனக்கு அந்தச் சொல் 'அனத்தல்' என்று காதில் விழுந்தது. காய்ச்சலில் முனகுவதை எங்கள் வீட்டில் அப்படிச் சொல்வோம். இவளுக்குக் காய்ச்சல் இருந்து குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். 'பிள்ளைக்கு' என்று அவள் சொன்னது என் கணக்கில் சேரவே இல்லை. வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், 98.4. குழலை வைத்தேன், துடிப்பு கேட்டது. "140" எழுதினேன்.

"ஒண்ணும் இல்லம்மா. காய்ச்சல் இல்ல. தண்ணி நிறைய குடிங்க" என்றேன்.

அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். ஏதோ கேட்க வாய் திறந்த மாதிரி இருந்தது. பிறகு "செரி" என்று சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தாள். நான் அந்தச் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. முந்தின பிரசவங்களைப் பற்றி அங்கேதான் எழுதியிருக்கும்.

ஒன்றே காலுக்கு முகாம் முடிந்தது. ஜீப்பை ஓட்டியவர் சசி அண்ணன். உச்சக்கடையில் நிறுத்தி மூன்று பேரும் தேநீர் குடித்தோம். திரும்பி வந்து சாவியைப் போட்டால் வண்டி கிளம்பவில்லை. நாலைந்து தடவை திருகிப் பார்த்துவிட்டுச் சசி அண்ணன் சொன்னார், "சிஸ்டரே, ஒரு அனக்கமும் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. "வண்டிக்கும் காய்ச்சலா சிஸ்டர்?"

"காய்ச்சலா?"

"அனக்கம்னாரே."

ஓமனா சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அனக்கம்னா அசைவு மக்கா. வண்டி அனங்கல்ல. வயித்துல பிள்ள அனங்குது இல்லியா, அதுதான்."

கையில் தேநீர்க் கடைப் பன் ஒன்று வைத்திருந்தேன். அதைக் கீழே போட்டேனா யாரிடமாவது கொடுத்தேனா, ஞாபகம் இல்லை. "சிஸ்டர், ஒருத்தங்க என்கிட்ட பிள்ளைக்கு அனக்கம் குறைவுன்னு சொன்னாங்க. நான் ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டேன்" என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"எத்தனாவது நம்பரு?"

"நாற்பத்தொண்ணு."

அவர் பதிவேட்டை எடுத்து விரலை ஓட்டினார். நின்றார். "செல்வராணி. மூணு வருசம் முன்ன இவளுக்கு எட்டு மாசத்துல பிள்ள வயித்துலயே போயிட்டு" என்றார். நேராக எதிரே இருந்த டெலிபோன் பூத்துக்குப் போய், டாக்டர் ரேச்சலை அழைத்து, அறுவை அறையைத் தயாராக வைக்கச் சொன்னார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் நெய்யாற்றின்கரையிலிருந்து வர வேண்டும். அவருக்கும் சொல்லி அனுப்பச் சொன்னார். மணி ஒன்று ஐம்பது.

இரண்டு ஐந்துக்குப் பொழியூர்ப் பேருந்து வந்தது. மூன்று கிலோமீட்டர்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று இருபது நிமிஷம் எடுத்தது. தேவாலயத்துக்குப் பின்னால் நாலாவது வரிசையில் செல்வராணியின் வீடு. பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மழையில் வெளியே வந்தாள்.

"அவ அம்மைக்க வீட்டுக்குப் போனா. நீரோடிக்கு. மாப்பிள கொச்சில இல்லியா, தனியா இருக்கப் பயமாட்டு இருக்குன்னு சொன்னா. டாக்டரு ஒண்ணும் இல்லன்னு சொல்லியாச்சுல்லா, அதான் நடந்தே போயாச்சு."

நீரோடி தமிழ்நாட்டுக்குள் முதல் ஊர். ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் இருக்கும். கடலோரச் சாலையைச் சில இடங்களில் கடல் தின்றிருந்தது. கருங்கல் குவியலில் ஏறி இறங்கிப் போக வேண்டும். எல்லை எங்கே வந்தது என்று நான் கவனிக்கவில்லை. சுவர்களில் எழுத்து மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாறியதை மட்டும் பார்த்தேன். ஒன்பது மாதக் கர்ப்பிணி இந்தக் கல்லில் ஏறி இறங்கி நடந்து போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். ஓமனா சிஸ்டருக்கு மூட்டுவலி. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் போனார்.

மூன்று பத்துக்கு வீட்டைக் கண்டுபிடித்தோம். செல்வராணி சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா ரோசம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். எங்களை அடையாளம் கண்டதும் அவர் முகம் மாறியது.

நான் பாயில் மண்டியிட்டு, "பிள்ளைக்கு இப்ப அனக்கம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இன்னைக்குக் காலத்த ஒருக்க அனங்கிச்சு. பிறவு இல்ல" என்றாள் செல்வராணி.

குழலை வைத்தேன். துடிப்பு கிடைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கிடைத்ததும் கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ணினேன். 98. ஓமனா சிஸ்டர் குழலை வாங்கி அவரும் எண்ணினார். 96.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும். இப்பமே" என்றார்.

ரோசம்மா நடுவில் வந்து நின்றார். "இப்பத்தானே ஒண்ணும் இல்லன்னு சொல்லி விட்டிய? அதுக்குள்ள என்னத்துக்கு வந்து பயப்படுத்துதிய? போன தடவயும் இப்பிடித்தான். இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு."

ஓமனா சிஸ்டர் என்னைப் பார்த்தார். எனக்காகப் பேசப் போவதில்லை என்று தெரிந்தது.

"அம்மா, இவங்க என்கிட்ட சரியாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் புரியல. அனக்கம்னா காய்ச்சல்னு நினைச்சிட்டேன். துடிப்பையும் எண்ணல. என் தப்பு."

"புரியல்லன்னா கேக்கப்பிடாதா? வாய் இல்லியா உனக்கு?"

"கேட்டிருக்கணும்."

அவர் கை ஓங்கியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். செல்வராணிதான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அம்ம, அவியள்ட்ட பிறவு பேசு. எனக்க துணிய எடு. நான் போறேன்" என்றாள்.

ஆட்டோ எதுவும் இல்லை. நாலு வீடு தள்ளி மீன் ஏற்றும் டெம்போ ஒன்று நின்றது. ஓட்டுநர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கையைக் கழுவிவிட்டு வந்தார். செல்வராணியும் அம்மாவும் முன்னால், நானும் சிஸ்டரும் பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில்.

"வழி மோசமாக்கும் சிஸ்டரே. பைய போவணுமா, வேகம் போவணுமா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"குலுங்காம வேகம் போ."

பாறசாலைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிஷம். அவர் வாடகை வாங்க மறுத்துவிட்டார். நாலரைக்கு டாக்டர் ரேச்சல் கையுறையோடு வாசலிலேயே நின்றார். செல்வராணியை உள்ளே அனுப்பிவிட்டு என்னிடம் "என்ன நடந்தது?" என்று கேட்டார். நடையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். மாற்றிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

"கை கழுவிட்டு வா" என்றார்.

ஐந்து ஐந்துக்கு அறுவை தொடங்கியது. என் வேலை, வயிற்றுக் கீறலின் ஓரத்தை விலக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது. ஐந்து பன்னிரண்டுக்குக் குழந்தை வெளியே வந்தது. பனிக்குடத் தண்ணீர் பச்சையாக இருந்தது, கொடி கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. குழந்தை துவண்டு கிடந்தது. அழவில்லை. ஓமனா சிஸ்டர் துணியில் வாங்கிக்கொண்டு என் முதுகுப் பக்கம் இருந்த மேசைக்குப் போனார். மூச்சு கொடுக்கும் காற்றுப் பையை அழுத்தும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கப் போனேன்.

"இங்க பார். உன் வேலை இங்கதான்" என்றார் டாக்டர்.

ரத்தத்தையும் என் கையையும் பார்த்துக்கொண்டு நின்றேன். செல்வராணி முழு நினைவோடு இருந்தாள். முதுகில் போட்ட ஊசியால் இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது. "பிள்ள கரையல்லியா?" என்று ஒரு தடவை கேட்டாள். அழவில்லையா என்று கேட்கிறாள். அது எனக்குப் புரிந்தது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டரை நிமிஷம் போனது. பிறகு பின்னால் ஒரு விக்கல் மாதிரிச் சத்தம், அப்புறம் கீச்சென்று ஓர் அழுகை, நின்று, மறுபடியும்.

"ஆணு. ரெண்டு கிலோ நூறு" என்றார் ஓமனா சிஸ்டர், எடை பார்த்துவிட்டு. செல்வராணி கண்ணை மூடிக்கொண்டாள். காதுப் பக்கமாகக் கண்ணீர் இறங்கியது.

ஆறு மணிக்கு டாக்டர் தம் அறைக்குக் கூப்பிட்டார். நாற்பத்தொன்றாம் சீட்டு மேசைமேல் இருந்தது. "நூற்று நாற்பதுன்னு எழுதியிருக்கே. எத்தனை பேருக்கு எண்ணாம எழுதினே?"

"முப்பத்திரண்டு பேர் பார்த்தேன் டாக்டர். முதல் எட்டுப் பேருக்கு எண்ணினேன்."

அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "நாளையிலிருந்து பிரசவ அறைக்கு வர வேண்டாம். இவளைத் தவிர இருபத்துமூணு பேர். ஒவ்வொரு வீட்டுக்கும் போ. எண்ணு. ஏன் வந்தேன்னு கேட்டா உள்ளதைச் சொல்லு" என்றார். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

எனக்கு ஒன்பது நாள் மிச்சம் இருந்தது. பொழியூர், குளத்தூர், பூவார்ப் பக்கம் பதினேழு பேரை நாலு நாளில் பார்த்து முடித்தேன். மீதி ஆறு பேர் பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டார்கள். செங்கலில் இரண்டு பேர், குன்னத்துகாலில் மூன்று பேர், காட்டாக்கடையில் ஒருத்தி. காட்டாக்கடைக்குப் பாறசாலையிலிருந்து நேர்ப் பேருந்து கிடைக்கவில்லை. நெய்யாற்றின்கரையில் மாறி ஏறினேன். போக இரண்டு மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். குன்னத்துகாலில் மூன்று வீடும் மூன்று மூலையில். ரப்பர்த் தோட்டங்களுக்குள் ஏறி இறங்கி ஒரே நாளில் பதினொரு கிலோமீட்டர் நடந்தேன், அட்டை கடித்தது.

நடப்பதைவிடச் சொல்வதுதான் அலுப்பாக இருந்தது. "அன்னைக்கு உங்க குழந்தையின் துடிப்பை நான் எண்ணல. இப்ப எண்ண வந்திருக்கேன்." ஐந்தாவது வீட்டிலேயே அந்த வாக்கியம் எனக்குப் புளித்துவிட்டது. சிலர் சிரித்தார்கள். சிலர் பயந்துபோய் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். செங்கலில் ஒரு வீட்டில் பெண்ணின் அப்பா என்னை உள்ளே விடவில்லை. "படிக்க வந்த குட்டிக்கு எங்க வீட்டுப் பெண்ணு பாடமா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். அவர் கேட்டதில் தவறு இல்லை. மறுநாள் ஓமனா சிஸ்டர் போய்ப் பார்த்தார். காட்டாக்கடைக்காரிக்குக் குழந்தையின் தலை மேலே இருந்தது. முகாமில் நான் தலை கீழே என்று எழுதியிருந்தேன். பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்னால் தெரிந்ததால் டாக்டர் அறுவைக்குத் தேதி குறித்து வரச் சொன்னார். மற்ற எல்லோருக்கும் நல்லபடியாகவே இருந்தது.

கடைசி வீடு குன்னத்துகாலில், சுசீலா என்ற பெண்ணுடையது. சொல்லி முடித்ததும் அவள் பாயில் படுத்துக்கொண்டு, "செரி, எண்ணு. ஆனா சத்தமா எண்ணு, எனக்கும் கேக்கணும்" என்றாள். குழலில் காதை வைத்துக்கொண்டு சத்தமாக எண்ணினேன். நடுவில் அவளுடைய அம்மா அடுப்பை விட்டு வந்து நின்றார். நூற்று முப்பத்தெட்டு. "நல்லதா?" என்றாள் சுசீலா. "நல்லது" என்றேன். அவித்த மரச்சீனிக் கிழங்கும் சம்மந்தி என்கிற மிளகாய்த் துவையலும் தந்தார்கள். மூன்று நாளாக அன்றுதான் பசியோடு சாப்பிட்டேன்.

செல்வராணியை எட்டாம் நாள் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கணவன் பத்ரோஸ் கொச்சியிலிருந்து வந்திருந்தார், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தைக்கு முதல் இரண்டு நாள் பால் உறிஞ்சத் தெம்பில்லை, கரண்டியில் ஊட்டினார்கள். மூன்றாம் நாள் தானே குடித்தது. கிளம்பும்போது நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், "மன்னிச்சிருங்க" என்றேன்.

அவள் குழந்தையின் துணியைச் சரிசெய்தபடி சொன்னாள். "எனக்க மனசு அப்பமே சொல்லிச்சு, நீங்க சொன்னது செரியில்லன்னு. நான் ரெண்டாமத சொல்லல்ல. பெரிய படிப்பு படிச்சவியகிட்ட எப்பிடிச் சொல்லுததுன்னு இருந்தேன். இனி சொல்லுவேன்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. ரோசம்மா மட்டும் வாசலில் திரும்பி, "போற வழியில வல்லதும் தின்னுட்டுப் போ. எலும்பாட்டு இருக்க" என்றார்.

ஒன்றரை வருடம் கழித்து ஓமனா சிஸ்டர் ஒரு கடிதம் எழுதினார். பையன் நடப்பது கொஞ்சம் பிந்தியது, இப்போது நன்றாக நடக்கிறான், பேசுகிறான், டாக்டரும் இப்போது ஒவ்வொரு புதனும் முகாமுக்கு வந்து, அவனைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களைப் பார்க்கிறார் என்று இருந்தது. அந்தக் கடிதத்தை வாசித்த நாள் வரை எனக்கு அந்த இரண்டரை நிமிஷம் முடியவே இல்லை.

இனி, போகிறவர்களுக்கு. ஜூன், ஜூலையைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். முடியாவிட்டால் சீக்கிரம் காயும் துணி எடுத்துப் போங்கள், குடையைக் கைப்பையில் வையுங்கள். திருவனந்தபுரத்தில் இறங்கி பாறசாலைக்குப் பேருந்தே வசதி. கடலோரத்துக்கு மாலை நாலு மணிக்கு மேல் பேருந்து குறையும், இப்போது எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரசவ எண்ணிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நான் நோட்டை நிரப்பித்தான் கெட்டேன்.

நீங்கள் தமிழர் என்பதால் தமிழ்நாட்டு எல்லையில் மொழி தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். முதல் நாளே உள்ளூர் செவிலியர் ஒருவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். வலி, ரத்தப்போக்கு, தண்ணீர் உடைவது, குழந்தை அசைவது, கண் மங்குவது, இவற்றை அந்த ஊரில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பெண் சொன்னதை உங்கள் வார்த்தையில் அவளிடமே திருப்பிச் சொல்லிப் பாருங்கள். பத்து வினாடிதான் ஆகும்.

கடைசியாக ஒன்று. களைப்பாக இருந்தால் களைப்பாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அன்று நான் சொல்லியிருந்தால் ஓமனா சிஸ்டர் என் சீட்டுகளையும் வாங்கிக்கொண்டு, என்னைப் பெஞ்சில் உட்காரச் சொல்லியிருப்பார். அப்படிப்பட்டவர்தான் அவர். அந்தச் சொல் என்ன என்றாவது நான் தலையைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். அவர் அடுத்த மேசையில்தான் இருந்தார். நான்கு அடி தூரம் இருக்கும்.